ஊதா சைக்கிளுக்கு இரண்டு சாவி

என் மகள் இதுவரை தொலைக்காத ஒரே பொருள் அவளுடைய பசிதான். மற்றதெல்லாம் தொலைத்தாயிற்று. ஆறாம் வகுப்புக்குப் போன அந்த ஒரு வருஷத்தில் மட்டும் தண்ணீர் பாட்டில் ஐந்து, குடை இரண்டு. ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருந்தால் பென்சில் இருக்காது, பென்சில் வாங்கிக் கொடுத்தால் பாக்ஸே இருக்காது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாக வந்து நின்றாள். இன்னொரு ஷூ எங்கேடி என்று கேட்டேன். "அதத்தான்ப்பா நானும் வழியெல்லாம் யோசிச்சிக்கினே வரேன்" என்றாள். இதற்கு ஒரு மனுஷன் சிரிப்பானா, அடிப்பானா?

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை செய்கிறேன். பர்மனென்ட் ஆகிப் பல வருஷம் ஆகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிய ஸ்பேனர் ஒன்றைக்கூட இதுநாள்வரை நான் தொலைத்ததில்லை. ஷிப்டு முடிந்தால் துடைத்து, எண்ணி, வாங்கிய இடத்திலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு.

என்னிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. "நான் படிக்கிறப்ப ஒரே பேனா. நாலு வருஷம். நிப்பு தேஞ்சிதான் போச்சே தவிர தொலையல" என்று ஆரம்பிக்கும். பேனா முடிந்ததும் செருப்பு வரும், அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து வந்த புத்தகம், கடைசியில் "பொருளோட அருமை தெரியணும்" என்று முடியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே வருவாள். இடையில் ஏதாவது விட்டுப்போனால் எடுத்துக் கொடுப்பாள். "செருப்ப விட்டுட்டீங்கப்பா." அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பரை எடுத்து விரிப்பேன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது. எங்கள் டவுன்ஷிப் ரோடுகளில் இரண்டு பக்கமும் மரம் இருப்பதால் பிள்ளைகள் சைக்கிளில் போவதுதான் வழக்கம். வடலூரில் ஒரு கடையில் வரிசையாக நின்ற சைக்கிள்களை எல்லாம் விட்டுவிட்டு, மூலையில் தூசி படிந்திருந்த ஊதா நிறச் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றாள். முன்னால் கூடை, இடப்பக்கம் மணி. வாங்கிய முதல் வாரம் என் பழைய பனியனால் காலையும் மாலையும் துடைத்தாள். மட்கார்டில் பூனை ஸ்டிக்கர் ஒட்டினாள். எனக்கு அப்படியொரு நிம்மதி. இனிமேல் திருந்திவிடுவாள் என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டாவது வாரம் பனியனைத் தொலைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு முதல் ஷிப்டு. இரண்டு மணிக்கு முடித்து, பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிற மைதானம் இருக்கிறது. அங்கே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஊதா சைக்கிள் தன்னந்தனியாக நின்றது. சுற்றிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், டி.வி. எதிரில் தரையில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள், பக்கத்தில் பலாக்கொட்டைகள். சைக்கிளில் விளையாடப் போனவள் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். போனது சைக்கிளில் என்பதே மறந்திருக்கிறது. எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது.

உள்ளே போய் ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம். அல்லது சைக்கிளை எடுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டு வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் நான் புத்திசாலித்தனம் செய்தேன். திரும்ப மைதானத்துக்கு நடந்து போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன்.

பின் தெருவில் ஒன்றிரண்டு வீடு தவிர வரிசையாகக் காலி குவார்ட்டர்ஸ்கள். இருந்தவர்கள் ரிட்டயர் ஆகி அவரவர் மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். புதிதாக யாரும் வரவில்லை. ஆள் இல்லாத வீடு எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் சொந்தம். ஒருத்தர் ஆடு கட்டுவார், ஒருத்தர் உடைந்த கட்டிலைக் கொண்டுபோய்ப் போடுவார், பலாக்காய் பழுத்தால் முந்திக்கொண்டவருக்கு. குடியிருக்கிற வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் யோசிக்கிற நாங்கள், காலி வீட்டை மட்டும் அப்பன் வீட்டுச் சொத்துபோல நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வீட்டின் தோட்டத்துப் பக்கம் இருந்த பாத்ரூமில் சைக்கிளை நுழைத்து, பூட்டி, தகரக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். சாவியை டிபன் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்தேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு மிகவும் ருசித்தது.

என் திட்டம் இதுதான். சாயங்காலம் தேடுவாள், பதறுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழட்டும். திங்கட்கிழமை காலை சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திப் பிரசங்கத்தை ஒருமுறை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டால், அதோடு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தேடவில்லை. சந்தைக்கு அம்மாவோடு நடந்து போய்விட்டு வந்து சோளப்பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். "வெளிய போயி வெளையாடலயா? சைக்கிள எடுத்துக்கினு ஒரு சுத்து போயிட்டு வரதுதானே?" என்று நானே வெட்கம்கெட்டு எடுத்துக் கொடுத்தேன். "வெயிலா இருக்குப்பா" என்றாள். பறிகொடுத்தவள் நிம்மதியாகப் பொரி தின்கிறாள், களவு செய்தவன் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

திங்கட்கிழமை காலை யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள். அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்டு. மத்தியானம்தான் போகவேண்டும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என் சைக்கிள் எங்க?"

"என்னைக் கேட்டா?" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து. அவளுக்கும் அதுவரை எதுவும் தெரியாது.

"கடைசியா எங்க வச்ச? பூட்டுனியா? சாவி எங்க?" என்று நான் கேட்டேன், ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி. யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினாள். நான் இன்னொரு வாய் டீ குடித்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அழுதுகொண்டே வந்தாள் என்றால் சாதாரண அழுகை இல்லை, மூச்சு விட முடியாமல் தேம்பிக்கொண்டு வந்தாள்.

நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். பேனா, செருப்பு, புத்தகம், எல்லாம் சொன்னேன். முதல்முறையாக அவள் வாயசைக்கவில்லை. தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டாள். பிறகு பைக்கில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். இறங்கியவள் கேட்டருகே போய் நின்று திரும்பி, "கவலப்படாதீங்கப்பா, நான் எப்படியாச்சும் கண்டுபுடிச்சிடுவேன்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்த இடத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கவேண்டும். நல்லா உறைக்கட்டும், இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று வண்டியைத் திருப்பினேன். அதுதான் என் புத்தி.

புதன்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராகப் பின் தெருவுக்குப் போனேன். முட்டளவு புல்லைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் போனால், பாத்ரூமுக்குக் கதவு இல்லை. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன், எங்கள் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதானே. இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டுத் திரும்ப வந்தேன். அதே வீடுதான். சுவரில் குழாய் இருந்த இடத்தில் ஓட்டை. ஜன்னல் கம்பியை அறுத்திருந்தார்கள். தகரக் கதவைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் சைக்கிள் டயரின் தடம் மட்டும் புல் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது.

இரும்பு பொறுக்குகிறவர்கள் காலி வீடுகளில் எதையும் விட்டுவைக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத செய்தியா? ஷிப்டில் டீ குடிக்கும்போது நானே எத்தனை தடவை பேசியிருக்கிறேன். துவைக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். டிபன் பையைத் தடவிப் பார்த்தேன். சாவி மட்டும் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தையல் மிஷினில் ஒரு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"புள்ள மூணு நாளா சோறு திங்காம அழுவுது. நீங்க ஒளிச்சு வச்சிட்டு டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களா?"

"புத்தி வரட்டும்னு..."

"யாருக்கு?" என்றாள். "மூளையைச் சுரங்கத்துலயே வச்சிட்டு வந்துட்டீங்களா? ஐயோ, கடவுளே, எனக்குன்னு வந்து வாச்சீங்களே."

"இப்ப இன்னா பண்றது?"

"அவகிட்ட சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். பொய்யும் சொல்லமாட்டேன். அவ கேட்டா, அப்பாவைக் கேளுன்னுதான் சொல்லுவேன்."

சொல்லத்தான் போகிறேன், ஆனால் சைக்கிளைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்று மனத்துக்குள் முடிவு செய்தேன். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை நேரம் முழுவதும் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினேன். மந்தாரக்குப்பம் பார்த்தேன், முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் பார்த்தேன், குள்ளஞ்சாவடி வரைக்கும் போனேன். குள்ளஞ்சாவடிக் கடைக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே, "இன்னா சார் தேடுறீங்க?" என்றார்.

"ஊதா சைக்கிளுங்க. சின்னப் பொண்ணு ஓட்டறது. மட்கார்டுல பூனை ஸ்டிக்கர் இருக்கும்."

"வந்தா முழுசாவா சார் வரும்? அறுத்து, நசுக்கி, மூட்டையா கட்டிக்கினு வருவானுங்க. இதுல பூனைய எங்க போயித் தேடுறது?" என்று சொல்லிக் குவியலைக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வூட்ல பூட்டி வைக்கலீங்களா?" என்று கேட்டார். பூட்டிதான் வைத்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வடலூர் கடைக்கும் போனேன். அதே மாதிரி ஒன்று வாங்கி, நாலு இடத்தில் கீறி, பூனையும் ஒட்டி, கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்ற கேவலமான யோசனையும் எனக்கு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை சார் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலைதான், பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவள் கேட்டாள். "அப்பா, நான் ஏன்ப்பா இப்டி இருக்கேன்?"

"எப்டி?"

"எல்லாத்தயும் தொலைக்கிறேன். எங்க கிளாஸ்ல யாருமே இப்டி இல்ல. என் மூளைல எதுனா கோளாறாப்பா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல வேளை, அவள் பின்னால் இருந்தாள். "அதெல்லாம் இல்லடா கண்ணு" என்றேன். நான் எடுத்துக்கொண்டு போனேன் என்று மூன்றே வார்த்தைகள்தான். பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த மூன்று வார்த்தைகளையும் தொண்டையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். இறக்கிவிட்டதும் விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை அவள் நோட்டீஸோடு வந்து நின்றாள். இருபது தாள்கள். எல்லாம் கையால் எழுதியது. மேலே காணவில்லை என்று சிவப்பு ஸ்கெட்சில், கீழே ஊதா சைக்கிள் படம், கூடை, மணி, பூனை. 'மணி அடித்தால் கர்ர் என்று சத்தம் வரும். கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு என்னுடைய புதுக் கலர் பென்சில் பெட்டி பரிசாகத் தரப்படும். ஒரு பென்சிலும் குறையாது.' அதற்கும் கீழே என்னுடைய போன் நம்பர். "அம்மா மைதா பசை காய்ச்சித் தந்துட்டாங்க. நீங்க வாங்கப்பா, எனக்கு ஒசரம் எட்டாது."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

நான் போனேன். வேறென்ன செய்வேன்? பிளாக் முழுவதும் கம்பம் கம்பமாக, நான் எடுத்த சைக்கிளுக்கு நானே நோட்டீஸ் ஒட்டினேன். அவள் பசை தடவிக் கொடுப்பாள், நான் ஒட்டித் தேய்ப்பேன். "கோணலா இருக்குப்பா" என்று ஒன்றைப் பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னாள். பின் தெருவில் அந்தக் காலி வீட்டுக்கு எதிரில் இருந்த கம்பத்திலும் ஒட்டினேன். வழியில் போகிறவர்கள் நின்று படித்து, "அடப் பாவமே, எந்தப் படுபாவி எடுத்தானோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மகள் ஒவ்வொருவரிடமும், "நான்தான் அங்கிள் மறந்து வச்சிட்டேன்" என்று சொன்னாள்.

போன் வரத்தான் செய்தது. ஒருவர் பேரனுக்குக் கலர் பென்சில் பெட்டி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் சைக்கிள் விற்க இருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அவள் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் மாறினாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். தண்ணீர் பாட்டிலுக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கவிழ்த்துப் பென்சில், ரப்பர், ஸ்கேல் எல்லாவற்றையும் எண்ணி என் எதிரில் வரிசையாக அடுக்குவாள். "எல்லாம் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்துவிட்டு எடுத்து வைப்பாள். என் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போன மனைவியிடம், உங்கள் பெண் எவ்வளவு பொறுப்பாகிவிட்டாள், என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"சொல்லட்டுமா என்ன செஞ்சோம்னு?" என்றாள் என் மனைவி. "நீங்க நெனச்சது நடந்துடுச்சில்ல? இப்ப சந்தோஷமா?"

சந்தோஷமா? அவள் பென்சில்களை அடுக்குகிறபோது அந்த விரல்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் இந்தப் பொறுப்பெல்லாம் ஒரே நாளில் போய்விடுமோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் தன் மூளையில் கோளாறு என்றே நினைத்து வளர்ந்துவிடுவாளோ என்று இன்னொரு பயம். நைட் ஷிப்டு வாரம் இப்படியே போயிற்று. இதற்கிடையில் கம்பங்களில் இருந்த நோட்டீஸ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மழையில் நனைந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மழையே பெய்யவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மறுபடியும் முதல் ஷிப்டு வந்த வாரத்தில், ஒரு சாயங்காலம் அவளைக் கரும்புச்சாறு குடிக்க அழைத்துப் போனேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச். தண்ணீர் பாட்டிலைக் கழற்றாமலேயே உட்கார்ந்து குடித்தாள். டிபன் பையிலிருந்து எடுத்து வந்திருந்த சாவியை அவள் கையில் வைத்தேன். "பாப்பா, உன் சைக்கிள நீ தொலைக்கல. அப்பாதான்..."

"தெரியும்ப்பா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்டி?"

"நோட்டீஸ் ஒட்டுனமே, அதப் பாத்துட்டுப் பின் தெரு கடைசி வூட்டு ஆன்ட்டி கூப்ட்டாங்க. 'உங்க அப்பாதாம்மா அன்னிக்கு மத்தியானம் தள்ளிக்கினு போனாரு, நான் துணி காயப்போட்டுக்கினு இருந்தேன்'ன்னு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"ஒட்டுனதுக்கு மூணாவது நாளு."

"அப்புறம் ஏன்டா என்கிட்ட கேக்கல?"

அவள் கால்களை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். "அவங்க மாரி வேற யாருனா பாத்திருந்தா? நோட்டீஸ்ல உங்க நம்பர்தானே இருக்கு. உங்கள தப்பா நெனப்பாங்க இல்ல? அதான் எல்லாத்தயும் கிழிச்சிட்டேன். பத்தொம்பதுதான் கெடச்சிது, ஒண்ணு யாரோ எடுத்துட்டாங்க."

கரும்புச்சாறுக் கடைக்காரர் மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம நான் அழுதுக்கினு வந்தேன்ல. அப்ப நீங்க டீ குடிச்சிக்கினு இருந்தீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நினைவுக்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "இப்ப நான் எதயும் தொலைக்கிறதில்ல. நீங்க பாத்துக்கினுதானே இருக்கீங்க? அதான் இன்னிக்கு சாவி குடுத்துட்டீங்களாப்பா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தினமும் என் எதிரில் பென்சிலை எண்ணி அடுக்கியதும், எல்லாம் இருக்குப்பா என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்ததும் எதற்காக என்று. சைக்கிள் அப்பாவிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா எதையும் தொலைக்கமாட்டார். தான் திருந்திவிட்டால் கொடுத்துவிடுவார்.

"யார் வூட்லப்பா வச்சிருக்கீங்க? உங்க ஷிப்டு அங்கிள் வூட்லயா? இப்பவே போலாமா?"

"இல்லம்மா" என்றேன். "அது... தொலைஞ்சிடுச்சி."

அவள் கையில் இருந்த டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். கீழே விழாமல் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"நீங்களா தொலைச்சீங்க?"

தலையாட்டினேன்.

"கடைசியா எங்க வச்சீங்க?" என்றாள். "பூட்டுனீங்களா?"

அன்றைக்கு நான் கேட்ட அதே கேள்விகள். என்னைக் கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தேன். அவள் கிண்டல் செய்யவில்லை. பொருளைத் தொலைத்தவர்களிடம் அப்படித்தான் கேட்கவேண்டும் என்று என்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலி வீடு, பாத்ரூம், பெயர்ந்த கதவு, குள்ளஞ்சாவடி வரைக்கும் அலைந்தது. என் குரல் உடைந்துபோனது. கன்வேயரில் எத்தனையோ பேரிடம் கத்திப் பேசுகிற எனக்கு, பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வரவில்லை. மன்னிச்சிடும்மா என்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து, "அழாதீங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். திட்டியிருக்கலாம். ஒரு அடி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் மூன்று பேரும் வடலூர் போனோம். ஊதா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கறுப்பு நிறத்தில், ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லாத ஒரு சைக்கிளை எடுத்தாள். கடைக்காரர் பூட்டைப் பொருத்தி, வளையத்தில் கோத்த இரண்டு சாவிகளையும் வழக்கம்போல என்னிடம் நீட்டினார். ஒன்று அவளுக்கு, ஒன்று வீட்டு வாசல் ஆணியில் மாட்டுவதற்கு. அந்த ஆணியில்தான் எங்கள் வீட்டுச் சாவி, பைக் சாவி, பழைய சைக்கிளின் ஸ்பேர் சாவி எல்லாம் தொங்குகின்றன. அவள் இடையில் கையை நீட்டினாள். "ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்ப்பா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல சார், பொறுப்பான பொண்ணு" என்றார். என் மனைவி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவள் எட்டாவது படிக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு பென்சில்கூடத் தொலைத்ததில்லை. வீட்டுக்குள் நிறுத்தினாலும் சைக்கிளைப் பூட்டுகிறாள். நான் பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டேன், எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. போன மாதம் ஒருநாள் அவசரமாகக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. பைக்கில் பெட்ரோல் இல்லை, அவளும் வீட்டில் இல்லை, அவள் சைக்கிள் மட்டும் பூட்டியபடி நின்றது. ஆணியில் பார்த்தேன், அவள் மேஜையில் பார்த்தேன், அலமாரியில் துணிக்கு அடியிலும் பார்த்தேன். பிறகு நடந்தே போய்விட்டு வந்தேன். ஸ்பேர் சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.